மீன் தட்டில் ஒரு முந்தானை

புதுச்சேரியில் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. உட்கார்ந்ததும் வெள்ளைத் தட்டு வைப்பார்கள். தட்டின் நடுவில் விரலால் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு கையும், அந்தக் கையிலிருந்து விரிகிற ஒரு துணியும் எழும்பி இருக்கும். கீழே ரெண்டு அலை. கடை போர்டிலும் அதுதான், பில்லிலும் அதுதான், பரிமாறுகிறவர்கள் சட்டையிலும் அதுதான். லோகோ என்கிறார்கள்.

தட்டில் இருக்கிறதை வெட்டினது நான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியும், மற்றபடி எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், மெதுவாக. ஆனால் பிளாஸ்டரில் நான் வெட்டின அச்சை விருத்தாசலத்தில் ஒருத்தரும் இதுவரை குறை சொன்னது கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதில் படாமல் வேறு எதில் நான் பெருமைப்படுவது.

என் மகள் பீங்கான் யூனிட் வைத்திருக்கிறாள். பெரிசு ஒன்றும் இல்லை. ஒரு ஷெட்டு, ஒரு கேஸ் சூளை, தட்டு சுற்றுகிற மிஷின், நாலைந்து பொம்பளைகள். டீக்கடைக்குக் கப்பு, வூட்டுக்கு ஊறுகாய் ஜாடி, கார்த்திகைக்கு அகல், மங்கலம்பேட்டை பாய் கடைக்கு நோன்புக் கஞ்சி குடிக்கிற கோப்பை. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவரவர் பெயரைப் போட்டு விற்பார்கள். மகளுக்கு இதில் மனசு ஆறாது. "நம்ம கை வேலைய நாலு பேரு எங்கேந்து வந்துதுன்னு கேக்கணும்மா" என்பாள்.

அப்போதுதான் புதுச்சேரிக்காரர் வந்தார். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், கிரேக்க தேசத்துப் பக்கமெல்லாம் ரொம்ப வருஷம் போய் வந்தவர். ஊருக்குத் திரும்பி மீன் கடை போடப் போகிறார். தட்டு, கிண்ணம், கோப்பை எல்லாம் ஒரே இடத்தில் செய்ய வேண்டும். கடைச் சின்னம் தட்டிலேயே மண்ணோடு மண்ணாக எழும்பி இருக்க வேண்டும், ஒட்டுற வேலை கூடாது. அந்தச் சின்னம் கிரேக்கக் கடல் கதையிலிருந்து இருக்க வேண்டும். முதலில் மாதிரித் தட்டு பார்ப்பார். பிடித்தால் வருஷம் முழுக்க நமக்கு வேலை. பிடிக்காவிட்டால் மழை மாசத்தில் ஷெட்டைச் சாத்திவிட்டு உட்கார வேண்டியதுதான்.

சின்னத்தை வரைவதற்கு அவரே ஒரு பொண்ணை அனுப்பினார். கண்ணாடி போட்ட பொண்ணு. கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். ஷெட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. அது ஒன்று எனக்குப் பிடித்தது.

"வணக்கம் பாட்டி."

"பாட்டி ஒங்க வூட்டுல இருப்பாங்க. நான் இங்க அச்சு வெட்டறவ."

சிரித்தது. "சரிங்கம்மா." கடைசி வரைக்கும் அம்மாதான்.

மூணு படம் கொண்டு வந்திருந்தது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். என் பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. தினம் பஸ்ஸில் வருகிறவள். அவள் அம்மா எங்கள் ஊரில் பிறந்தவள், அந்த முறையில் என்னை அத்தை என்று கூப்பிடுவாள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

முதல் படத்தில் தாடி வைத்த ஒரு ஆள். கையில் மூணு முனை வைத்த கம்பு. கடலுக்கெல்லாம் ராசா என்றது அந்தப் பொண்ணு.

"தே, அங்காளம்மா கையில இருக்கறது இந்தாளுகிட்ட எப்பிடி வந்துது?" என்றாள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி.

"அது மீன் குத்தறதுங்க. சூலம் இல்ல."

"அவரு மீனக் குத்துவாரோ மாட்டக் குத்துவாரோ. பாக்கறவங்களுக்கு சூலந்தான். நீயே சொல்லு அத்த."

நான் சொன்னேன். "இதுமேல கொழம்ப ஊத்துவாங்க. முள்ளத் துப்புவாங்க. எச்சில் தட்டுன்னு தொட்டியில கொண்டுபோய்ப் போடுவாங்க. சாமி ஆயுதத்துல எச்சில் படலாமா? இந்தக் கையால நான் அத வெட்ட மாட்டேன். அதோட, சூலம் போடற எடத்துலேந்து பாய் கடைக்கு ஒரு கோப்பை போவாது."

அந்தப் பொண்ணு முகம் சுளிக்கவில்லை. அடுத்ததைக் காட்டியது. இடுப்புக்குக் கீழே மீன் வால். சங்கு ஊதுகிறான். கடல் ராசாவின் மகனாம்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். கருவேப்பிலங்குறிச்சிக்காரி அடக்க முடியாமல், "சோறு போடறதுக்கு முன்னாடியே ஊதிட்டானே" என்றாள்.

"கோயில்ல கூடத்தான சங்கு ஊதறாங்க?" என்றது அந்தப் பொண்ணு.

"கோயில்ல ஊதுவாங்க. ஆனா தெருவுல சங்கு சத்தம் கேட்டா யாரும்மா கோயிலுன்னு நெனைக்கறாங்க? யாரு வூட்டுலன்னுதான கேக்கறாங்க" என்றேன்.

அதுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க தெருவுலயும் அப்படித்தாம்மா. வரையும்போது எனக்கே தோணல பாருங்க."

மூணாவது படத்தில் ஒரு பொம்பளை. கடலுக்கு மேலே இடுப்பு வரைக்கும் தெரிகிறாள். தலையில் போட்டிருந்த துணியை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறாள். இது யாரு என்று கேட்டோம். அந்தப் பொண்ணு மண் மூட்டைமேல் உட்கார்ந்து கதை சொன்னது. பெயரும் சொன்னது, என் வாயில் நுழையவில்லை. கதை நுழைந்தது.

அவள் ராசா வூட்டுப் பொம்பளை. புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பெத்த பிள்ளைகளையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. துரத்திக்கொண்டு வந்தான். இவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாறைமேல் ஏறி, கடலில் குதித்துவிட்டாள். கடல் அவளைச் சாகவிடவில்லை. தெய்வமாக வைத்துக்கொண்டது. அதுக்கப்புறம் எத்தனையோ காலம் கழித்து, படகு உடைந்து ஒருத்தன் தண்ணியில் தத்தளித்தபோது அவள் மேலே வந்தாள். தலைத் துணியைக் கொடுத்தாள். 'இத மார்ல கட்டிக்க, முழுவ மாட்ட. கரை சேந்ததும் துணியத் திரும்பக் கடல்ல போட்டுடு. போடும்போது மொகத்தத் திருப்பிக்க, பாக்காத' என்றாள். அவனும் அப்படியே செய்தான். அவ்வளவுதான் கதை.

கருவேப்பிலங்குறிச்சிக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இவ பூவாடக்காரி இல்ல?"

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. வேற ஊரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூவும் பொட்டுமாகச் செத்துப் போன பொம்பளை அந்தந்த வூட்டுக்குத் தெய்வம். அவள்தான் பூவாடைக்காரி. வூட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும். ஆத்தங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பம்பை அடித்து, தண்ணியிலிருந்து அழைத்து, பூ சுற்றின செம்பில் வூட்டுக்குக் கொண்டு வருவோம். அவளுக்குப் புதுச் சேலை, வளையல், கண்ணாடி, மஞ்சள் எல்லாம் வைத்துப் படைப்போம். அவள் வந்த பிறகுதான் மற்ற சடங்கு.

"தண்ணிலேந்து வர்றா, துணி தர்றா, புள்ளையோட போனவ. பூவாடக்காரியேதான். இவள எப்பிடி விக்கறது அத்த?"

"விக்கப் போறது தட்டு. இவள இல்ல" என்றேன். "நான் வெட்டறேன்."

ஏன் அப்படி உடனே சொன்னேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் அக்காவும் கைக்குழந்தையோடு கிணற்றில் போனவள். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம், எங்கள் ஜில்லா மங்களூருக்குக் கிட்டே எங்கள் ஊர். நான் அப்போது சின்னப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். காலுக்கு நடுவே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தேன். தண்ணிமேல் முந்தானை மட்டும் விரிந்து கிடந்தது. கத்திரிப்பூ நிறம். அதுக்குள் யாரோ என் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் போனாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் அம்மா அழவில்லை. "தானா போனவ போனா. பச்சப் புள்ளைய எதுக்கு இழுத்துக்கிட்டுப் போனா? என் வாசல்ல அவளுக்கு செம்பு வெக்க மாட்டேன்" என்றாள். வைக்கவும் இல்லை. அண்ணன்கள் கல்யாணத்துக்கும் என் கல்யாணத்துக்கும் அம்மாவுடைய மாமியாரைத்தான் பூவாடைக்காரியாகக் கூப்பிட்டார்கள், அக்காவைக் கூப்பிடவில்லை. அம்மா போன பிறகும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. போட்டோ ஒன்றும் கிடையாது. முகம் எனக்கு நினைவில் இல்லை. முந்தானைதான் நினைவு.

ஆனால் ஊரில் சிலர் என்னைப் பார்த்து, "அக்காவ உரிச்சி வெச்ச மாதிரி இருக்குது" என்பார்கள். சொல்லிவிட்டு எங்கள் அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்ப்பார்கள்.

அந்தக் கதையைக் கேட்டபோதே முடிவு பண்ணிவிட்டேன். அந்தத் தட்டில் வருகிற பொம்பளைக்கு எங்கள் அக்கா முகம். ஒரு தடவையாவது அவளுக்கு ஒரு முகம் இருக்கட்டும். யாரிடமும் சொல்லவில்லை.

அச்சு வேலை இப்படி. முதலில் பிளாஸ்டர் வில்லையில் உருவத்தை எழும்பி நிற்கிற மாதிரி வெட்ட வேண்டும். அது தாய். அதன்மேல் புதுசாகப் பிளாஸ்டரை ஊற்றினால், இறுகின பிறகு உருவம் குழியாக விழுந்திருக்கும். அது அச்சு. அச்சைக் காயவிட்டு, அதில் மண்ணை வைத்து மிஷினில் சுற்றினால் தட்டு. காய்ந்த அச்சுக்குத் தாகம் அதிகம். மண்ணில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மண்ணைக் கெட்டிப்படுத்தித் தானாக விட்டுவிடும். தட்டை எடுத்தால் உருவம் எழும்பி வந்திருக்கும்.

வூட்டில் கண்ணாடியை ஜன்னலோரம் சாய்த்து வைத்துக்கொண்டு வெட்டினேன். தீட்டின குடைக்கம்பிதான் எனக்கு உளி. முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கண்ணாடியில் இருந்த கிழவியிடமிருந்து சுருக்கத்தை எடுத்தேன். கன்னத்தில் சதை வைத்தேன். மூக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், மூக்குக்கு வயசாவது கிடையாது. துணியை அந்தப் பொண்ணு காற்றில் பறக்கிற மாதிரி போட்டிருந்தது. நான் ஈரத் துணியாக வெட்டினேன்.

அந்தப் பொண்ணு வந்து பார்த்தது. "இது நான் போட்ட முகம் இல்லையேம்மா."

"இல்ல."

"யாரும்மா இது?"

"கடல்லேந்து வர்றவ. யாரா இருந்தா என்ன."

வில்லையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "நல்லா இருக்குங்கம்மா" என்று போட்டோ எடுத்துக்கொண்டது. மேலே கேட்கவில்லை.

மகள்தான், "எம்மா, இது ஒன் மூஞ்சி மாதிரியே இருக்குது, அவரு ஒத்துக்குவாரா?" என்றாள்.

"ஏன், என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா" என்று போய்விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் பிளாஸ்டர் காயாது. ஊற்றின அச்சில் ஒன்றே ஒன்றுதான், சூளைக்குப் பக்கத்தில் வைத்ததால், காய்ந்தது. புதுச்சேரிக்காரர் மாதிரித் தட்டு கேட்ட நாள் நெருங்கிவிட்டது. அந்த வாரத்துச் சூளையில் மற்ற சரக்கோடு சேர்த்து ஏற்றாவிட்டால் அடுத்த சூளை எப்போதோ. அந்த ஒரு அச்சில்தான் ஒரே நாளில் தட்டு எடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் காலையில் கண் ஆஸ்பத்திரி இருந்தது. "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் வேலை தெரிந்தவர்கள்.

புது அச்சில் முதல் மண் வைக்கிறதுக்கு முன்னால் மஞ்சள் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அச்சுக்கு வெளிப்புறம்தான் வைப்போம். உள்ளே விரல்கூட வைக்க மாட்டோம். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டால்கூட அந்த இடம் ஈரத்தை இழுக்காது, மண் ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த அன்றைக்கே யாருக்கும் சொல்லித் தருகிற விஷயம் இது.

நான் திரும்பி வந்தபோது மிஷின் நின்றிருந்தது. மேசைமேல் இன்னும் சுடாத நாலைந்து பச்சைத் தட்டு. அலை வந்திருந்தது, கை வந்திருந்தது, துணி மடிப்பு மடிப்பாக வந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முதல் தட்டில் பிய்ந்துபோய் ஒரு சொரசொரப்பு. மற்றதில் வெறும் வழவழப்பு. முதல் தட்டை எடுத்தபோதே முகம் பிய்ந்து அச்சுக்குழியில் ஒட்டிக்கொண்டது. குழி அடைந்துவிட்டதால் அதுக்குப் பிறகு வந்த எதுக்கும் முகம் இல்லை.

அச்சைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் வாசனை, நல்லெண்ணெய் வாசனை.

"யாரு?"

"நாந்தான் அத்த" என்றாள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி.

"எத்தினி வருசமாடி இந்த வேல பாக்கற?"

"ஒன்னோடதான வந்தேன்."

"எண்ணெ பட்டா மண்ணு வுடாதுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"நெத்தி உள்ளதான அத்த இருக்குது. வெளியில வெச்சா யாருக்கோ வெச்ச மாதிரி இருந்துது. எண்ணெ வெச்சி, மஞ்சப் பூசி, ஒரு பொட்டு வெச்சேன். மொட்ட நெத்தியா வுட மனசு வரல." குரலைத் தாழ்த்தினாள். "ஒன்ன உரிச்சி வெச்சிருக்குது, ஒங்க அக்காதான அது? எங்க அம்மா சொல்லியிருக்குது. அவளுக்கு யாரும் வெச்சதே இல்லன்னு."

எனக்கு வாயில் ஒரு வசவு தயாராக இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

மகள் ஓடி வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "மொகத்தத் தின்னுட்டு நிக்கறீங்களே! இனிமே அந்தாளுக்கு நான் இன்னாத்தக் காட்டறது? பூவாடக்காரியாம், பூசையாம்! எம்மா, ஊசிய வெச்சித் தோண்டு. ஒட்டினத எடுத்துட்டா மொகம் வந்துடும் இல்ல?"

ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழிக்குள் மண் முகமாகவே உட்கார்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் குத்தினேன். மண்ணோடு பிளாஸ்டரும் பொடியாக வந்தது. மூக்கு நுனி. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

"தோண்டினா ரெண்டும் போயிடும். வர மாட்டேங்கறா, வுடு."

"அவ ஒன்னும் வர மாட்டேன்னு சொல்லல. எண்ணெ ஒட்டிக்கிச்சி, அவ்ளோதான்" என்றாள் மகள்.

ரெண்டும் சரிதான் என்று எனக்குத் தோன்றியது. நான் வாதாடவில்லை. பிய்ந்த இடத்தை ஸ்பாஞ்சால் துடைத்து மழுக்கி, சூளை அனலில் காயவைத்து, அளவும் நிறமுமாவது பார்க்கட்டும் என்று சூளையில் ஏற்றினோம்.

சூளை ஆறினதும் எடுத்தோம். மேலே பூசின கிளேஸு நன்றாகப் பளபளத்து வந்திருந்தது. மகள் கோபம் தணிந்து, தட்டில் சோறு போட்டால் சின்னம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம் என்று தன் மத்தியானச் சோற்றை அதில் போட்டுக்கொண்டாள். கருவாட்டுக் குழம்பு. பிசைந்து சாப்பிட்டாள். முள்ளை எடுத்துத் தட்டு நடுவிலேயே வைத்தாள். சோறு குறையக் குறைய அலை தெரிந்தது, கை தெரிந்தது, முகம் இல்லாத அந்த வழவழப்பு தெரிந்தது. குழம்பு அதன்மேல் ஓடி நின்றது. அங்கே முகம் இருந்திருந்தால் கண்ணில் நின்றிருக்கும்.

சூலத்தில் எச்சில் படக் கூடாது என்று அன்றைக்கு அவ்வளவு பேசினேன். இது எனக்குத் தோன்றவில்லை. முகம் வெட்டுகிற ஆசையில் அது எந்த இடத்தில் போய் உட்காரப் போகிறது என்று நான் பார்க்கவில்லை.

"எச்சி காயறதுக்குள்ள எழுந்து கை கழுவு" என்றேன் மகளிடம்.

அவள் போனதும் தாய் வில்லையை எடுத்தேன். அதில் முகம் அப்படியேதான் இருந்தது. மழை விட்டதும் அதிலிருந்து வேற அச்சு ஊற்றலாம், முகம் வரும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் கத்தியை எடுத்து அவளைச் சீவினேன். தலை, கழுத்து, தோள். அலை வரைக்கும் சீவி, தேய்த்துச் சமமாக்கினேன். தண்ணியிலிருந்து ஒரு கையும் அதில் இருந்த துணியும் மட்டும் மிச்சம். கருவேப்பிலங்குறிச்சிக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் வரைகிற பொண்ணு வந்தது. தட்டையும் பார்த்தது, தாய் வில்லையையும் பார்த்தது.

"அம்மா, பொம்பள எங்க?"

"தண்ணிக்குள்ள."

"அவதான கதையே?"

"அந்தாளு முழுவாம வந்தது எதனால? துணியாலதான? அது இருக்குதே."

ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எனக்காக ஒத்துக்கொள்ளவில்லை, அதுக்கே ஏதோ கணக்கு ஓடியது. ஸ்லேட்டில் வரைந்தது. சின்னதாக்கிப் பார்த்தது, பில்லு மூலையில் வைத்துப் பார்த்தது. "முகம் இருந்தா இவ்ளோ சின்னதுல அப்பிடியே கலங்கிடும். இது நிக்குது" என்றது. ஆனால் நான் வெட்டின விரல்கள் குட்டையாக இருக்கின்றன என்றது. பார்த்தேன். குட்டைதான். நீட்டிக் கொடுத்தேன். பிறகு புதுச்சேரிக்காரருக்குப் போட்டோ அனுப்பிவிட்டுப் போனில் பேசியது. அவர் முதலில், பொம்பளை இருந்தால்தானே அழகு என்றாராம். கையைக் காட்டிக்கொண்டு யாராவது கூப்பிட்டால் கடைக்குள் ஆள் வருமா வராதா என்று இந்தப் பொண்ணு கேட்டதாம். அதுக்கு அவர் சிரித்துவிட்டு, புதுத் தட்டு நாலு கொண்டு வாங்க என்றாராம். மகள் போனை வாங்கி ரெண்டு தடவை நிஜமா என்று கேட்டாள்.

பழசான அச்சை ஷெட்டுக்குப் பின்னால் குவியலில் போட்டுவிடுவோம். மழையில் கரைந்து மண்ணாகும். முகம் ஒட்டின அச்சைக் குவியலில் போட யாருக்கும் கை வரவில்லை. அலமாரி மேல்தட்டில் தை மாசம் வரைக்கும் இருந்தது. முதல் சரக்கு வேனில் ஏறின அன்றைக்கு, நானும் வருகிறேன் என்று அச்சைப் பையில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அதில் சுற்றக் கத்திரிப்பூ நிறத்தில் ரவிக்கைத் துணி கேட்டேன். விருத்தாசலம் கடையில் அந்த நிறம் இல்லை. மஞ்சளில் வாங்கினேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரி ஒரு முழம் பூவும் வளையலும் கொண்டு வந்து கொடுத்தாள்.

"ஒங்க அம்மா வேணான்னு சொன்னாங்களே அத்த?"

"அவ வாசல்ல வேணான்னு சொன்னா. கடலப் பத்தி ஒன்னும் சொல்லல."

புதுச்சேரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே கரை நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பொண்ணு என் கையைப் பிடித்து இறக்கிவிட்டது. பையில் என்ன என்று கேட்டது, சொன்னேன். அக்காவையும் சொன்னேன், ரெண்டு வரியில். "கதையில முகத்தத் திருப்பிக்கிட்டுதான் போடணும்மா" என்றது.

"அது அந்தாளுக்குச் சொன்னது. எனக்கு இல்ல."

அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை என்றுதானே இவ்வளவும். போடும்போதும் பார்க்காமல் போடுவதா?

பார்த்துக்கொண்டே போட்டேன். பூவும் துணியும் பிரிந்து மேலே நின்றன. அச்சு கீழே போனது. மாசக்கணக்கில் காய்ந்த பிளாஸ்டர், உள்ளே போகப் போகத் தண்ணியைக் குடித்தது. குமிழி குமிழியாக மேலே வந்தது. அலை வந்து கலைத்தது. மறுபடியும் அதே இடத்தில் கொஞ்சம் குமிழி வந்தது. அப்புறம் வரவில்லை.

திரும்பி வந்தபோது எனக்கு நல்ல பசி. கடை இன்னும் திறக்கவில்லை, ஆனாலும் புதுச்சேரிக்காரர் உட்காரவைத்து அவர் கையாலேயே பரிமாறினார். வஞ்சிரக் குழம்பு. எங்கள் தட்டு. உப்பு கொஞ்சம் தூக்கல், சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி உருண்டையை வழித்தபோது அடியில் அந்தத் துணி தெரிந்தது, மடிப்புக்குள் எல்லாம் குழம்பு. விரலால் துடைத்துவிடலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். துணிதானே, அலசினால் போய்விடும்.